“பார்த்துத்தானே வாங்கினீங்க?” என்று கடைக்காரர் கேட்டால்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். பழைய கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்ட வேண்டும் என்று பல நாள் ஆசை. திருநெல்வேலி டவுனில் பழைய வாட்ச் விற்கும் ஒரு கடையில், சாவி கொடுக்கும் சுவிஸ் வாட்ச் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். “முழுக்க ஸ்டீல், பாலிஷே படாத ஒரிஜினல் கேஸ்” (கேஸ் என்பது வாட்சின் உலோகக் கூடு) என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பணத்தை ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. 20 நாள் கட்டியதில் ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. பாளையங்கோட்டையில் வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் காட்டினால், இது பித்தளைக் கேஸ், தேய்த்துவிட்டுப் புதிதாக முலாம் போட்டிருக்கிறார்கள் என்கிறார். கடைக்கார அண்ணாச்சி, “பழைய சாமான், பார்த்துத்தானே வாங்கினீங்க?” என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்குக் காரணம் அந்த வாட்ஸ்அப் வரி. முதலில் அதை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; உரையாடல் முழுவதும் அந்தப் போனிலேயே இருக்கட்டும், வழக்கு முடியும்வரை போனை மாற்ற வேண்டாம்.

பழைய வாட்சில் கீறல் இருப்பது குறைபாடு ஆகாது. ஐம்பது அறுபது வருடம் ஒருவர் கையில் கிடந்த பொருள் அப்படித்தான் இருக்கும். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் விற்றிருந்தால் அவர் கேட்கும் கேள்விக்குப் பலம் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: வாங்குபவர் பொருளைப் பார்த்துச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. ஆனால் உங்கள் விஷயம் 15-ஆம் பிரிவில் வருகிறது. இன்ன பொருள் என்று விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். ஸ்டீல் என்று சொல்லிப் பித்தளையைக் கொடுத்தால் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வியாபாரி எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அதைக் குறைபாடு என்கிறது. பழைய பொருள் என்பதால் விதிவிலக்கு கிடையாது. பில் தராததும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை.

இரண்டு வாசகங்களில் “ஸ்டீல்” என்பதையே முன்னால் வையுங்கள். உலோகம் எது என்பதைச் சோதனையில் சந்தேகமில்லாமல் காட்டலாம். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். “பாலிஷ் படாதது” என்பது ஓரளவு கண்ணின் தீர்ப்பு. ரிப்பேர்காரர் தான் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் அதற்கும் வலு வரும்.

அவர் என்னென்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்கிறேன். முதல் வாட்ச் வாங்கப் போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஸ்ட்ராப் மாட்டும் நான்கு காதுகளையும், அதாவது லக் என்பார்களே அவற்றை, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே தடிமனாக இருக்கிறதா? ஓரங்கள் கூராக இருக்கின்றனவா, இல்லை சப்பிய மிட்டாய் போல மழுங்கிவிட்டனவா? பின்மூடியில் பொறித்த எழுத்து ஆழமாகத் தெரிகிறதா, பாதி தேய்ந்திருக்கிறதா? பளபளப்புக்கு அடியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், வியர்வை அரித்த கேஸின் மேல் முலாம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் கையில் கட்டும் வாட்சுக்கு இந்த அரிப்பு சாதாரணம். என் அப்பாவின் வாட்சிலும் மணிக்கட்டைத் தொடும் பக்கம் முழுக்கக் குரோம் உரிந்து மஞ்சளாகிவிட்டது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

பின்மூடியில் “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்” என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி மட்டும்தான் ஸ்டீல் என்று அதற்கு அர்த்தம். கேஸ் பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய பித்தளையாகவே இருக்கும். அந்தக் காலத்து வாட்சுகளில் இது ஏராளம், அதில் தவறும் இல்லை. அதை முழு ஸ்டீல் என்று விற்பதுதான் தவறு. காந்தம் வைத்துப் பார்ப்பது உதவாது. பித்தளையும் ஒட்டாது, வாட்சுக்குப் பயன்படுத்தும் ஸ்டீலும் பெரும்பாலும் ஒட்டாது.

இனி செய்ய வேண்டியவை. இன்றிலிருந்து அந்த வாட்சைக் கட்டாதீர்கள். பொருள் வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் முழுப் பணத்தைக் கேட்பது கடினம், நஷ்டஈடுதான் கேட்கலாம். “சொன்ன விவரத்துக்கு மாறான பொருள், திருப்பி எடுத்துக்கொண்டு 14,000 ரூபாயைத் தாருங்கள்” என்று இன்றே அதே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். பில்லில் வேறு காலம் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறை. அதனால் நாள் கடத்தாதீர்கள். கூடவே, 15 நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகையுடன் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். இதை வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை.

பதில் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருட அவகாசம் உண்டு, ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒருமுறை பேசிப் பாருங்கள். சில கடைக்காரர்கள் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். போலீசுக்கு முதலில் போவதை நான் சொல்லமாட்டேன். ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். அண்ணாச்சியே வேறொருவரிடம் ஏமாந்து வாங்கியிருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவே முடியாது, சிவில் நீதிமன்றம்தான் வழி. நீங்கள் கட்டுவதற்கு வாங்கியிருக்கிறீர்கள், அதனால் கவலையில்லை.

மஞ்சள் தெரிகிறதே என்று வாட்சை மறுபடி முலாம் போடக் கொடுத்துவிடாதீர்கள். ரிப்பேர்காரரிடம் இருந்தால் இன்றே வாங்கி, நான்கு காதுகளையும் பின்மூடியையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி வையுங்கள்.