பார்க்கிங் தளத்துத் தூண்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா?

கேள்வி: வேளச்சேரியில் 12 ஆண்டுப் பழைய அடுக்ககத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்தத்தான்; தூண்கள் மட்டும், சுவர் கிடையாது. குஜராத் நிலநடுக்கத்தில் இந்த மாதிரி கட்டடங்கள்தான் விழுந்தன என்கிறார் என் மாமனார். சென்னையில் அதற்குப் பயப்பட வேண்டுமா?

பதில்: மாமனார் சொல்வது உண்மை. 2001 ஜனவரி 26 காலை 8.46க்கு கட்ச் பகுதியில், பச்சாவு அருகே நிலம் அதிர்ந்தது. அளவு 7.7. நாடு நிற்கும் பெரும் பாறைப் பலகையை இந்தியத் தட்டு என்பார்கள்; கட்ச் அதன் விளிம்பில் இல்லை. சில நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் இழுபட்டுப் பிளந்த வெடிப்புகள் ஆழத்தில் புதைந்து கிடக்கின்றன. இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டிக்கொண்டே இருப்பதால் அவை இப்போது நெருக்கப்படுகின்றன. அந்த நெருக்கல்தான் அன்று வெடித்தது. 13,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

உங்கள் கேள்விக்கு கட்ச்சில் உள்ள பூஜ் நகரைவிட அகமதாபாத்தான் முக்கியம். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தும், அங்கே பல அடுக்கு மாடிகள் சரிந்தன. பெரும்பாலானவற்றில் கீழே வெறும் பார்க்கிங். மேல் தளங்களைச் செங்கல் சுவர்கள் இறுக்கிப் பிடித்திருக்க, ஆட்டம் முழுவதும் கீழ்த்தூண்களில் இறங்கியது. குச்சிக் கால் மேல் நெல் சேமிக்கும் குதிர் ஒன்றை வைத்து ஆட்டியது போல. சபர்மதியின் வண்டல் மண் வேறு அதிர்வைப் பெருக்கிவிட்டது. வேளச்சேரியும் சதுப்பை ஒட்டிய களிமண் பகுதி என்பதை நினைவில் வையுங்கள்.

சென்னையில் கட்ச் அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நடுக்கம் இங்கேயும் உணரப்பட்டது. 2002இல் இந்தியத் தர விதி சென்னையை நிலநடுக்க ஆபத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு ஏற்றியது; எண் கூடினால் ஆபத்தும் கூடுதல். இப்படித் திறந்து கிடக்கும் தளத்தின் தூண், உத்தரங்களைக் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கவும் அது வழி சொன்னது. உங்கள் கட்டடம் அதற்குப் பிறகு வந்தது. விதி இருந்தது சரி, சைட்டில் யாராவது பின்பற்றினார்களா?

அதனால் விற்பவரிடம் ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கேளுங்கள். மேலே இருக்கும் ஒவ்வொரு தூணும் தரை வரை இறங்குகிறதா பாருங்கள். அகமதாபாத்தில் தரை வரை இறங்காமல் முதல் மாடியிலிருந்து கிளம்பிய தூண்கள் நிறைய. தூணுக்குள் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி நெருக்கமாக, முனைகள் உள்ளே மடிந்து இருக்க வேண்டும். பூச்சுக்கு மேலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கருவி வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

தூண்கள் பலவீனம் என்று தெரிந்தால் கான்கிரீட் உறை போட்டோ, கார் வழியை விட்டுச் சில இடைவெளிகளில் கான்கிரீட் சுவர் எழுப்பியோ சரிசெய்யலாம். ஆனால் கீழ்த்தளம் எல்லோருக்கும் பொது, நீங்கள் மட்டும் முடிவெடுக்க முடியாது. குடியிருப்போர் சங்கம் செலவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.