சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கலாமா, போனே போதுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் படம் எடுப்பதில் அவ்வளவு ஆசை. ஆனால் போனை அவள் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. கூந்தன்குளம் பறவைகள், ஊர்த் தேரோட்டம், வீட்டில் தம்பி பண்ணும் சேட்டை, இதெல்லாம்தான் அவள் எடுக்க நினைப்பது. பத்தாயிரத்துக்குள் ஒரு கேமரா தேடினேன். ஐயாயிரத்துக்கே '64 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16 எக்ஸ் ஜூம்' என்று ஆன்லைனில் வருகிறதே, அதை வாங்கலாமா சார்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கேமரா வாங்கிக் கொடுங்கள், அந்த ஐயாயிரம் ரூபாய்க் கேமரா மட்டும் வேண்டாம். அந்த விலைக்குச் சொல்லும் 16 எக்ஸ் பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம்தான். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவே. படம் எடுத்த பிறகு அதை எந்த போனிலும் நாமே செய்துகொள்ளலாம். 64 மெகாபிக்சல் கதையும் இப்படித்தான், சென்சார் (லென்ஸுக்குப் பின்னால் படத்தைப் பதிவு செய்யும் சில்லு) பதிவு செய்யாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, லென்ஸைச் சுற்றி அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்ப்பது. 2017-ல் வந்த கேனான் இக்ஸஸ் 185-ல் 5.0-40.0 மிமீ என்று போட்டிருக்கும். நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு வருகிறதா, அதுதான் நிஜமான 8 எக்ஸ் ஆப்டிகல் ஜூம், அதாவது படத்தை வெட்டாமல் லென்ஸே பெரிதாக்கிக் காட்டுவது. ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் அந்த லென்ஸில் ஜூமே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மகள் எடுக்கப்போகும் படங்களுக்கு வருவோம், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது. கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டுப் பக்கத்து மரங்களில் கூடு கட்டும், அதனால் அந்தக் கூடுகளை எடுக்க 8 எக்ஸ் தாராளம். குளத்தின் நடுவே நீந்தும் வரித்தலை வாத்துக்கு இது எட்டாது, பறக்கும் பறவையை இந்த வகைக் கேமராவில் பிடிப்பது ரொம்பக் கஷ்டம், இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, ஜூமை முழுக்க நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் குறைந்துவிடும். லென்ஸ் திறப்பைச் சொல்லும் எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும், நான் சொன்ன மாடலில் அது 3.2-லிருந்து 6.9-க்குப் போகிறது, அதாவது வெளிச்சம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். காலை வெயிலில் பளிச்சென்று வரும் அதே பறவை, பொழுது சாய்ந்த பிறகு எடுத்தால் கலங்கலாக வரும். தேரோட்டம் பகலில் என்றால் பிரச்சினை இல்லை. இரவு வாகனப் புறப்பாட்டுக்கும் கோயிலின் உள்பிராகாரத்துக்கும் நல்ல போன்தான் ஜெயிக்கும், அது நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது, இந்தக் கேமராக்கள் அநேகமாக அதைச் செய்வதில்லை. இவற்றின் சென்சாரும் சுமார் 6.2 மிமீக்கு 4.6 மிமீ, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. ஃபிளாஷ் இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் அது நாலு மீட்டருக்கு மேல் போகாது. தம்பியின் சேட்டைக்கு அது போதும்.

சரி, போனே பல இடங்களில் ஜெயிக்கிறது என்றால் எதற்குக் கேமரா? அதில் வாட்ஸ்அப் வராது, விளையாட்டு வராது, படம் மட்டும்தான் எடுக்க முடியும். ஒரு பிள்ளை நின்று பார்த்து, காத்திருந்து எடுக்கப் பழக அது பெரிய உதவி, உங்கள் கேள்விக்கு அதுவே போதுமான காரணம் என்று நம்புகிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் சொந்தமாக ஒரு மெமரி கார்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆன் செய்ததும் லென்ஸ் கரகரக்காமல் வெளியே வர வேண்டும், மணல் புகுந்திருந்தால் அந்தச் சத்தமே காட்டிக்கொடுக்கும். பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, ஃபோகஸ் ஆன பிறகு முழுக்க அழுத்துங்கள். ஜூமை நீட்டித் தெருக்கோடியை ஒரு படம், கடையின் இருட்டு மூலையை ஒரு படம் எடுத்து, கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள். கூடுதலாக ஒரு பேட்டரி கட்டாயம் வேண்டும், ஒரு சார்ஜில் இருநூறு படம் வந்தால் அதிகம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனில் செருகும் கார்டு ரீடர் போதும், படங்கள் உங்கள் போனுக்கு வந்துவிடும்.

கேள்வி: ஆரி ஒர்க் பிளவுஸ் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். படம் தெளிவாக வர ஏழாயிரம் ரூபாயில் ஒரு கேமரா வாங்கலாமா?
- வாசகி, காஞ்சிபுரம்

பதில்: வேண்டாம்மா. உங்களுக்கு ஜூம் தேவையில்லை, படமும் போனிலிருந்தே போக வேண்டும். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை ஒரு டிரைபாடுக்குப் போடுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் பிளவுஸை வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்துங்கள், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜரியும் மணியும் நிறம் மாறாமல் வரும்.

கேள்வி: 2005-ல் வாங்கிய 5 மெகாபிக்சல் கேமரா பீரோவில் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: போடாதீர்கள். ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சல் சொச்சமே போதும், உங்களிடம் இருப்பது அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாமல் மாற்றுங்கள். அந்தக் காலத்துக் கேமரா பெரும்பாலும் 2 ஜிபி வரையுள்ள பழைய எஸ்டி கார்டைத்தான் ஏற்கும், 32 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.