காக்கா ஏன் வாசலில் நிற்கிறார்?

அன்புள்ள ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு 36 வயது. ஊர் கடற்கரைப் பக்கம். போன வருடம் வாப்பா மௌத்தானார்கள். பாகம் பிரிக்க உட்கார்ந்த அன்று பெரிய வாப்பா, மார்க்கம் சொல்ல வந்த ஹஸ்ரத்திடம், "அவ எடுத்து வளர்த்த புள்ள, கணக்குல வராது" என்றார். எனக்கே அன்றுதான் தெரியும். உம்மா அழுகிறார்கள், வாய் திறப்பதில்லை. என் அண்ணன், அதாவது காக்காவுக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை ஆறாம் நாள் இறந்துபோய், அந்த வாரமே என்னைக் கொண்டுவந்தார்களாம். மாமி சொன்னது இவ்வளவுதான். சொத்து போகட்டும். என்னைத் தோளில் தூக்கித் திரிந்த காக்கா இப்போது வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறார். முக்காட்டை இழுத்துவிடு என்கிறார் மதினி. ஆதார் வரை வாப்பா பெயர்தான். நான் யார் மகள்?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். வாப்பா மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை என்பது சரி. ஆனால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாக எழுதி வைக்கலாம். வஸிய்யத்தாக, அதாவது உயிலாக மூன்றில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம். அவர் ஏன் செய்யவில்லை? எழுதினால் நீங்கள் பெற்ற பிள்ளை இல்லை என்பது பத்திரத்தில் வந்துவிடும். மறைத்ததற்கான விலையை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

நம் ஆட்கள் இதில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழையுங்கள் என்கிறது குர்ஆனின் 33ஆம் அத்தியாயம். தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்கிறது. பிறப்பை மறைக்காதே என்பதும் அதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பங்கு பிரிக்கும் அன்று மட்டும் சட்டம் பேசுகிறோம். நபியவர்கள் வளர்த்த ஸைதுக்குத் தன் தகப்பன் யாரென்று தெரியும். அவர் தேடி வந்தபோது, கூடப் போகாமல் நபியவர்களோடு இருப்பதென்று ஸைதே தேர்ந்தெடுத்தார். உங்களுக்கு அந்த வாய்ப்பை யாரும் தரவில்லை.

ஆதாரில் உள்ள பெயருக்காக உறக்கம் கெட வேண்டாம். தெரியாமல் செய்ததில் குற்றமில்லை என்று அதே வசனம் சொல்கிறது. முறைப்படி தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் 18 வயதுக்குப் பிறகு தங்கள் வேரைத் தேடித்தரும்படி அரசிடம் விண்ணப்பிக்கலாம். உங்கள் விஷயத்தில் காகிதமே இருக்காது. தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. ஆறாம் நாள் இறந்த குழந்தை. அந்த வாரமே நீங்கள். உம்மாவுக்குப் பால் கட்டியிருக்கும் நாட்கள் அவை. உங்களுக்குப் புட்டிப்பால் மட்டும் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கடற்கரை ஊர் என்பதால் நீங்கள் ஷாஃபி சட்டப் பிரிவைப் பின்பற்றுபவராக இருப்பீர்கள் என நினைக்கிறேன். இரண்டு வயதுக்குள் ஐந்து முறை வயிறாரக் குடித்திருந்தால் பால்குடி உறவு வந்துவிடும். ஹனஃபி பிரிவில் ஒரு முறையே போதும். அப்புறம் உம்மா உங்களுக்குப் பால்குடித் தாய், காக்கா மஹ்ரம், அதாவது மணமுடிக்கக் கூடாத உறவு; அவர் முன் முக்காடு கட்டாயமில்லை. சொத்தில் பங்கு வராது. ஆனால் காக்கா உள்ளே வந்து உட்காரலாம். மதினியின் முக்காட்டுப் பேச்சும் தேவைப்படாது.

இதை யாரும் யோசிக்கவில்லையா என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஹஸ்ரத்தாவது கேட்டிருக்கலாம். சரி, அன்று பேச்செல்லாம் சென்ட் கணக்கில் இருந்திருக்கும்.

உம்மாவிடம் "என்னைப் பெற்றது யார்" என்று முதலில் கேட்காதீர்கள். அதற்குத்தான் அவர் வாய் அடைத்துப்போகிறது. "எனக்குப் பால் கொடுத்தீங்களாம்மா? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். மறைக்க வேண்டியது அதில் ஒன்றுமில்லை. கேட்கும்போது காக்காவும் காதில் விழும் தூரத்தில் இருக்கட்டும், வாசலில் நின்றாலும் பரவாயில்லை.