விக்கியிலிருந்து கணினிக் கோப்புகளுக்கு இணைப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரி அருகே எங்களுக்குச் சிறு தேயிலைத் தோட்டம் உண்டு. பட்டா நகல்கள், பசுந்தேயிலை எடைச் சீட்டுகள், பாட்டி பாடிய படுகப் பாடல்களின் ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைப் பற்றி டிட்லிவிக்கி என்ற குறிப்பேட்டு மென்பொருளில் குறிப்பெழுதி, அந்தந்தக் கோப்புக்கு இணைப்பும் கொடுத்திருந்தேன். விக்கியை நோட்.ஜேஎஸ் (கணினியிலேயே சர்வரை இயக்க உதவும் மென்பொருள்) வழியாக இயக்கத் தொடங்கியதிலிருந்து இணைப்புகளைச் சொடுக்கினால் எதுவும் நடப்பதில்லை; பிழைச் செய்திகூட வருவதில்லை. எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடுமாறு நண்பர் சொல்கிறார். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் இணையம் கிடைப்பதே அரிது. வேறு வழி உண்டா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

இணைப்பைத் தடுப்பது விக்கியல்ல, உலாவி. முன்பு ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இருந்த விக்கியை நேரடியாகத் திறந்தபோது, அந்தப் பக்கமே 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரியில் இருந்ததால், அங்கிருந்து இன்னொரு கோப்புக்குச் செல்ல உலாவி இடம் கொடுத்தது. இப்போது அதே பக்கம் 127.0.0.1 என்ற முகவரியின் 8080ஆம் போர்ட்டிலிருந்து 'எச்டிடிபி' வழியாக வருகிறது. அனுப்புவதும் பெறுவதும் உங்கள் கணினியேதான் என்றாலும், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை மற்ற இணையப் பக்கங்களைப் போலவே நடத்துகின்றன. எஃப்12 விசையை அழுத்திக் கன்சோலைப் பார்த்தால் மறுப்புச் செய்தி அங்கே இருக்கும்.

இது வீண் கெடுபிடியன்று. யாரோ ஒருவருடைய தளம் 'ஃபைல்' என்று தொடங்கும் முகவரியால் வெளியிலுள்ள ஒரு சர்வரின் பகிர்வுக் கோப்புறையைச் சுட்டினால், விண்டோஸ் உங்கள் உள்நுழைவுச் சான்றின் மறையாக்கப்பட்ட வடிவத்தைத் தானாகவே அங்கே அனுப்பிவிடக்கூடும். ஆகவே இந்தத் தடையை நீக்கித் தரும் உலாவி நீட்சிகளை (கூடுதல் மென்பொருள்களை) நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கிளவுடும் தேவையில்லை. விக்கியின் கோப்புறைக்குள் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் 'ஃபைல்ஸ்' என்று பெயரிட்ட கோப்புறை ஒன்றை உருவாக்கி, ஆவணங்களை அதற்குள் நகர்த்துங்கள். டிட்லிவிக்கியின் சர்வர் அதிலுள்ளவற்றைத் தானே உலாவிக்கு வழங்கும். இணைப்பில் டி டிரைவ் முதலான முழுப் பாதையை எழுதாமல், புள்ளி, சாய்கோடு, 'ஃபைல்ஸ்', மீண்டும் சாய்கோடு, கோப்பின் பெயர் என்று சார்புப் பாதையாக, வெளிக் கோப்புகளைச் சுட்டும் 'எக்ஸ்ட்' வகை இணைப்புக்குள் எழுதுங்கள். கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தாலும், நாளை வேறு கணினிக்கு மாறினாலும் அந்த இணைப்புகள் அறுந்துபோகா. பாடல்களுக்கு இன்னும் நல்ல ஏற்பாடு உண்டு: ஒலி வகைக் குறிப்பொன்றில் கோப்பின் இருப்பிடத்தைக் குறிக்கும் 'கனானிக்கல் யூஆர்ஐ' என்னும் புலத்தில் இதே பாதையைக் கொடுத்தால், விக்கியின் அளவு பெருகாமல், பாடல் அந்தப் பக்கத்திலேயே ஒலிக்கும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று, சற்றுத் தயக்கத்தோடுதான், சொல்கிறேன். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள்) ஒன்பது குறிகளாக விரிவதால், ஒன்பது குறியீடுகள் கொண்ட 'கோத்தகிரி' என்ற ஒரு சொல்லே 81 குறிகளாக நீளும், இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடு என்ற கணினி எழுத்து முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸிலும் விண்டோஸிலும் அவை இரு வேறு கோப்புப் பெயர்கள். பழைய மேக் கணினிகள் பெயரிலுள்ள இத்தகைய குறியை இரண்டாகப் பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து வந்த கோப்புக்கு நீங்கள் சரியாகத் தட்டெழுதிய இணைப்பும் கிட்டாமல் போகலாம். ஆண்டு, மாதம், ஆங்கிலச் சிறுபெயர் என்று கோப்புக்கு வைத்துவிட்டு, தமிழ்த் தலைப்பை விக்கிக் குறிப்புக்குக் கொடுங்கள்.

கைபேசியிலும் பார்க்க விரும்பிச் மற்றக் கருவிகளும் அணுகும்படி சர்வரின் முகவரியை 0.0.0.0 என்று மாற்றுவீர்களானால், அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் பட்டா நகலைத் திறக்க முடியும் என்பதால், முதலில் கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளுங்கள்.