ஆதி தாளத்தில் திஸ்ரம் வாசித்தால் அது பாலிமீட்டரா, பாலிரிதமா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மிருதங்கம் கற்கும் தம்பி கேட்டது இது. ஆதி தாளம் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, கொண்ட சுற்று. ஓர் அட்சரத்தை மூன்றாகப் பிரிப்பது திஸ்ரம். ஒரே நீளத்தை இருவர் ஒரே நேரத்தில் வேறுவேறு எண்ணிக்கையில் பிரிப்பது பாலிரிதம். எனவே பதில் பாலிரிதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை. பாடகர் ஓர் அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம் பாடும்போது, அதே நீளத்தை மிருதங்கம் மூன்றாக வெட்ட வேண்டும். இருவருமே திஸ்ரத்துக்குப் போய்விட்டால் அது வெறும் நடை (அட்சரத்தைப் பிரிக்கும் விதம்) மாற்றம்.

பாலிமீட்டரில் மாத்திரையின் (அட்சரத்தைப் பிரித்த சிறு அலகின்) வேகம் மாறாது. சுற்றின் நீளம்தான் வேறுபடும். சதுஸ்ர நடையில் (அட்சரத்துக்கு நான்கு மாத்திரை) ஆதி தாளம் 8 × 4 = 32 மாத்திரை. அதன்மேல் 'தகதகிட' என்ற 5 மாத்திரைச் சொல்லை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். முதல் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) ஆறு முறை அடங்கி, 2 மாத்திரை மிஞ்சும். ஏழாவது சொல் சமத்தை, அதாவது அடுத்த சுற்றின் தொடக்கத்தை, தாண்டி விழும். மறுபடி சமத்தில் தொடங்க 160 மாத்திரை, அதாவது 5 ஆவர்த்தனம் ஆகும். கச்சேரியில் யாரும் அவ்வளவு காத்திருப்பதில்லை. கார்வை (இடைவெளி) சேர்த்து முன்பே சமத்துக்கு வந்துவிடுவார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அங்கே தாளம் ஒன்றுதான். ஐந்தின் ஓட்டம் கொஞ்சம் நீண்டால்தான் காது அதை இன்னொரு தாளமாக ஏற்கும் என்பது என் கருத்து.

மலாய்க் கல்யாணங்களில் வரும் கொம்பாங் என்ற கைமேளத்தை இதில் சேர்க்காதீர்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் அடிப்பதால் சிக்கலாகக் கேட்கும், அவ்வளவே. துடிப்பும் சுற்றும் எல்லாருக்கும் பொது.

பதிவைக் கேட்டுச் சோதிக்க, ஒருவருடைய மாத்திரையை விரலால் தட்டுங்கள். மற்றவருடைய அடிகளும் அந்தத் தட்டுகளிலேயே விழுந்து, தொடக்கம் மட்டும் நகர்ந்துகொண்டே போனால் பாலிமீட்டர். அட்சரத்தின் தொடக்கத்தில் மட்டும் தட்டோடு சேர்ந்து, மற்ற அடிகள் சீரான இடைவெளியில் தட்டுகளுக்கு நடுவே விழுந்தால் பாலிரிதம்.