சிகரெட் வரியில் முன்பள்ளி நடத்தலாமா?

அன்புள்ள அக்கா,

சிகரெட் வரியை இன்னும் கூட்டி, அந்தக் காசை முன்பள்ளி ஆசிரியைகளின் சம்பளத்துக்கென்றே ஒதுக்கினால் என்ன? புகைக்கிறவர்களிடம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் என்ன பிழை?

– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

வரியைக் கூட்டத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. விலை 10 சதவீதம் ஏறினால், எங்கள் இலங்கையைப் போன்ற நாடுகளில் புகைப்பது ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. கையில் காசு குறைந்த பள்ளிக்கூடப் பையன்தான் முதலில் பின்வாங்குவான். அதுவே போதும், வரிக்கு வேறு நியாயம் தேவையில்லை.

நான் மறுப்பது அந்தக் காசில் சம்பளம் கொடுப்பதை. சம்பளம் வருடா வருடம் ஏற வேண்டிய ஒன்று. சிகரெட் வரியோ, தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், ஒரு கட்டத்தில் இறங்கியே தீரும். கலிபோர்னியாவில் 1998இல் மக்கள் வாக்களித்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்றே சிகரெட் பெட்டிக்கு 50 அமெரிக்கச் சதம் வரி போட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் புகைப்பவர்கள் குறையக் குறைய அந்த நிதியும் சுருங்கிக்கொண்டே வந்தது. பெரியவர்கள் சிகரெட்டை விட்டதற்குச் சின்னப்பிள்ளைகள் ஏன் இழக்க வேண்டும்?

இங்கே ஆபத்து இன்னும் கூட. சட்டப்படி சிகரெட் தயாரிப்பது ஒரே ஒரு கம்பனி. காசுக்குத் தவிக்கிற அரசாங்கத்திடம், "வரியைக் கூட்டினால் ஆட்கள் பீடிக்கும் கள்ளச் சிகரெட்டுக்கும் போய்விடுவார்கள், உங்கள் வருமானம்தான் போகும்" என்ற பேச்சு எளிதாக எடுபடும். ஆசிரியைகளின் சம்பளமும் அதில் தொங்கினால், சிகரெட் விற்பனை விழும்போது கல்வி அமைச்சும் சேர்ந்து கவலைப்படும். எனக்குப் பயம் அதுதான். பீடிக்கு ஆட்கள் மாறுவது உண்மை. அப்படியென்றால் பீடிக்கும் சரியாக வரி போடுங்கள். அதற்காகச் சிகரெட்டை மலிவாக வைத்திருக்க முடியாது.

இன்னொன்று. எங்கள் நாட்டில் சிகரெட்டின் நீளத்தைப் பார்த்து, ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று வரி போடுகிறார்கள். விலைவாசி ஏற ஏற அந்த ரூபாயின் பெறுமதி கரைந்துவிடும். பிறகு யாராவது மனம் வைத்துக் கூட்ட வேண்டும். வருமானத்தை நினைத்து நடுங்குகிற அரசாங்கம் மனம் வைக்குமா? விலைவாசியோடு வரியும் தானாக ஏறும்படி சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சரி, வருகிற காசை என்ன செய்வது? புகைப்பதை விட நினைக்கிறவர்களுக்கு உதவலாம், மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொடுக்கலாம். புகைப்பது குறைந்தால் காலப்போக்கில் அந்தத் தேவைகளும் குறையும். தாய்லாந்து 2001இல் புகையிலை, மது வரிகளின் மேல் 2 சதவீதம் கூடுதலாக வாங்கி, சுகாதார மேம்பாட்டுக்கென்றே ஒரு நிதியம் அமைத்தது.

முன்பள்ளி ஆசிரியைகளின் சம்பளம் வருமான வரியிலிருந்து வரட்டும். அவர்கள் எவ்வளவு சொற்பத்துக்கு வேலை செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதை உயர்த்தச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள் தம்பி, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.