செய்யானின் ஏழாவது கண்டம்

ஐப்பசி மழை பிடித்ததும் பூரான் கேள்விகளும் வந்துவிட்டன. நாலுக்கு மட்டும் இப்போது பதில்.

தாராபுரத்திலிருந்து: தென்னை மட்டையைப் புரட்டினால் விரல் தடிமனில் ஒரு செய்யான் (பெரிய பூரான்). நூறு கால் இருக்குமாங்க?

இருக்காதுங்க. பூரான்களின் கால் ஜோடிகள் ஒற்றைப்படையில்தான் வரும். நூறு கால் என்றால் ஐம்பது ஜோடி, கணக்கு உதைக்கிறதே! தோட்டத்துச் செய்யான் பெரும்பாலும் ஸ்கோலோபென்ட்ரா பேரினம், 21 ஜோடி. அதில் மார்சிடன்ஸ் என்ற இனத்துக்கு ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று வெப்ப நாடுகளில் பரவிக் கிடக்கிறது.

சத்தியமங்கலத்திலிருந்து: ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்டது எது?

ஹார்ட்விக்கி. அதுவும் ஸ்கோலோபென்ட்ராதான். தொடாமல் ரசியுங்கள், கடி தாங்காது.

வால்பாறையிலிருந்து: அப்படியானால் நிறத்தை வைத்தே இனம் பிரிக்கலாம்தானே அண்ணா?

அந்த ஒன்றைத் தவிர நிறத்தை நம்பாதீர்கள் தம்பி. ஒரே இனம் ஊருக்கு ஒரு நிறத்தில் இருக்கும். நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். விலாவில் மூச்சுத்துளைகளைப் பாருங்கள். உடல் கண்டம் கண்டமாக, அதாவது வளையம் வளையமாக இருக்கும்; கால் உள்ள கண்டங்களை முன்னாலிருந்து எண்ணி ஏழாவதுக்கு வாருங்கள். அங்கே துளை இல்லை, மற்ற துளைகளும் முக்கோணம் என்றால் பெரும்பாலும் ஸ்கோலோபென்ட்ரா. ஏழாவதிலும் துளை இருந்து, வடிவம் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் ரைசிடா அல்லது எத்மோஸ்டிக்மஸ் பேரினம். உங்கள் சோலைக்காட்டில் எத்மோஸ்டிக்மஸுக்கு வாய்ப்பு அதிகம்.

கொல்லிமலையிலிருந்து: எத்மோஸ்டிக்மஸ் மேற்கு மலையில் மட்டும்தானா?

நல்ல கேள்வி. இந்தப் பேரினம் ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியாவில் உண்டு; அமெரிக்கக் கண்டங்களில் கிடையாது. அப்படியென்றால் கண்டங்கள் பிரிந்தபோது கூடவே பிரிந்து போனதா என்று கேட்கத் தோன்றும் இல்லையா? பூரான் ஆய்வாளர்கள் ஜானவி ஜோஷியும் கிரெகரி எட்ஜ்கோமும் 2019-இல் மரபணுவை வைத்து அதைத்தான் சோதித்தார்கள். தீபகற்ப இந்தியாவில் உள்ளவை எல்லாம் ஒரே மூதாதையின் வழி வந்தவை. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென், மத்தியப் பகுதிகளில் கிளைவிடத் தொடங்கி, அப்புறம்தான் வடக்கேயும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போயிருக்கின்றன. குன்னூர் பெயரிலேயே ஒரு இனம் உண்டு: கூனூரானஸ், 1920-இல் அமெரிக்க விலங்கியலாளர் சேம்பர்லின் வைத்த பெயர். மார்சிடன்ஸ் மாதிரி ஊர் ஊராகச் சுற்றுகிற பழக்கம் இவற்றுக்கு இல்லை. அதனால் உங்கள் மலையில் கிடைப்பது எந்த இனம் என்று நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

படம் அனுப்புகிறவர்கள் முதுகை மட்டும் எடுக்காதீர்கள். டப்பாவில் பிடித்து, விலாவையும் எடுத்துவிட்டு, வேலி ஓரம் விட்டுவிடுங்கள்.